நாற்பத்தேழு போட வேண்டிய இடத்தில்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அம்மாவைத் தையல் மெஷின் முன்னால், தலையில் கைவைத்து உட்கார்ந்தபடி விட்டுவிட்டு வந்தோம். கவலைப்பட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு முதலில் ஒரு தகவல். அம்மா அப்படி உட்கார்ந்திருந்தது மொத்தமே ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடம் பாபினில் நூல் சுற்றப் போய்விட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. அம்மா பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். வீட்டு முன்கூடத்தில் ஆறு மெஷின், ஆறு பெண்கள். நாலு வருடம் முன்பு அவர்கள் இருக்கும் புறநகரில் ஒரு பழைய டயர் கிடங்கு தீப்பிடித்து ஒன்பது நாள் எரிந்தது. ஒன்பது நாளும் அந்தக் கரும்புகையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? புகைதான் ஒட்டிக்கொண்டது.

அம்மா தைக்கும் ஒவ்வொரு பையின் உள்மடிப்பிலும் சின்னதாக ஒரு லேபிள் இருக்கும். அதில் வீட்டு விலாசமும் புறநகரின் பெயரும். தீ விபத்துக்குப் பிறகு அந்தப் பெயரைப் பார்த்தாலே கடைக்காரர்கள் பையை முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது தலைநகரத்து மொத்தக் கடைக்காரர் ஒருவர் ஆயிரத்து இருநூறு பைகள் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. லேபிளில் இந்தப் புறநகரின் பெயர் வேண்டாம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புறநகரின் பெயரைப் போட்டுக் கொடுங்கள் என்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பதில் கேட்க நேரில் வருகிறார். இந்த ஆர்டர் கை நழுவினால் அடுத்த மாதம் ஆறு மெஷினில் நாலை உறை போட்டு மூட வேண்டியதுதான்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு. தைத்த பைகளை வண்டியில் ஏற்றிக் கடை கடையாக இறக்குகிற அண்ணன். தொலைபேசியில் கருத்துக்கணிப்பு எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தங்கை. பேசியே சம்பாதிக்கிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்பா லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். இந்த வாரமும் திரும்பவில்லை, ஆகவே இந்த அத்தியாயத்தில் அவரைத் தேடி ஏமாற வேண்டாம்.

*

காலை எட்டு மணிக்கு அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது துணிக்கட்டுகளுக்குப் பின்னால் வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்பது அவன் கணக்கு. ஜிப் அக்கா பார்த்துவிட்டாள்.

பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதேபோல, மூடி வைத்த எதையும் திறக்காமல் விடும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பெரிய லேபிள் ரோல். நுனியைப் பிடித்து இழுத்து ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர்.

ஆறு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"யாரு அடிக்கச் சொன்னது?" என்றாள் அம்மா.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்."

"எத்தனை?"

"ரெண்டாயிரம்."

"ஆர்டரே ஆயிரத்து இருநூறுதானேடா. மீதி எண்ணூறு எதுக்கு?"

"அடுத்த ஆர்டருக்கு."

"ஓ. அடுத்த ஆர்டர் வரைக்கும் யோசிச்சாச்சா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு மட்டும் தோணல."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

இந்த நேர்மையான பதிலுக்கு ஜிப் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ உள்ள உக்காந்து தைக்கறம்மா. வெளிய போய் நிக்கறது நான். போன வாரம் ஒரு கடையில என் கண்ணு முன்னாடியே ஒருத்தன் பையை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாக்கறான். ஒரு கடைன்னா பரவால்ல. ஒவ்வொரு கடையிலயும் மோந்து பாக்கறான். நான் சிரிக்கறதா, அழறதா, நீயே சொல்லு."

அவன் குரல் உடைந்தது. அவன் இதை இதுவரை வீட்டில் சொன்னதே இல்லை. அம்மா எழுந்து அவனிடம் போனாள். தோளில் கைவைக்கவில்லை, அதெல்லாம் அவளுக்கு வராது. அவன் சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடுங்கி எறிந்தாள்.

"உனக்குப் பட்டிருக்குடா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு சொல்லு. நம்ம பை கிழிஞ்சா என்ன பண்றோம்?"

"தச்சுக் குடுக்கறோம்."

"காசு வாங்கறோமா?"

"இல்ல."

"எப்படி நம்மகிட்ட கொண்டு வர்றாங்க? லேபிளைப் பாத்துத்தான. நீ போட்ட லேபிளைப் பாத்து ஒரு பொம்பள கிழிஞ்ச பையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போய், தெருத்தெருவா அலைவா. அங்க யாரு இருப்பா? நான் இருப்பேனா? நீ இருப்பியா?"

அண்ணன் ரோலின் நுனியைச் சுருட்ட ஆரம்பித்தான். அம்மா வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே வாயாடி செருப்பை மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நல்லவேளை, நீயாவது இந்த மாதிரி திருட்டு வேலை எல்லாம் பண்ண மாட்ட."

வாயாடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினாள். வாயாடி பதில் பேசாமல் போனது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஆனால் அம்மா கவனிக்கவில்லை, அவள் கவனமெல்லாம் அந்த லேபிள் ரோல் மேல் இருந்தது.

*

வாயாடி என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒரு தொலைக்காட்சி சேனல் அவளுடைய நிறுவனத்திடம் ஒரு வேலை கொடுத்திருந்தது. நாடு முழுக்க அதிகம் பேருக்குத் தெரிந்த புறநகர்கள் எவை? மூன்று வாரமாக அவளும் இன்னும் மூன்று பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க ஊரைத் தவிர, உங்களுக்குத் தெரிஞ்ச மூணு புறநகர் சொல்ல முடியுமா?" அதற்கு அடுத்த கேள்வி, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" நாமாக எந்தப் பெயரையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

மக்கள் சொன்ன பதில்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்தே தனியாக ஒரு தொடர் எழுதலாம். விமான நிலையம் இருக்கிற புறநகரை எல்லோரும் சொன்னார்கள். பெரிய விளையாட்டு மைதானம் இருக்கிற இடத்தையும், சிறைச்சாலை இருக்கிற இடத்தையும் சொன்னார்கள். ஒரு புறநகரை நூற்றுக்கணக்கான பேர் சொன்னார்கள், ஒருவர்கூட அங்கே போனதில்லை. ரயில்கள் அங்கேதான் போய் முடிகின்றன, அதனால் ஸ்டேஷனில் அந்தப் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் அம்மாள் தன் மருமகன் குடியிருக்கும் புறநகரைச் சொல்லிவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அரைமணி நேரம் மருமகனைப் பற்றிச் சொன்னாள்.

ஒவ்வொரு புறநகருக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு. ரயில் பாதையை ஒட்டி வரிசையாகப் போட்ட எண்கள். வாயாடியின் புறநகர் நாற்பத்தேழு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாற்பத்தெட்டு.

மூன்றாம் நாள் யாரோ ஒருவர் நாற்பத்தேழின் பெயரைச் சொன்னார். "அதான், அந்தப் புகை ஊரு" என்று சிரித்தார். பதற்றத்தில் வாயாடியின் கை தவறி நாற்பத்தெட்டில் விழுந்தது. அழித்துத் திருத்த ஒரு நொடி போதும். அவள் திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம், எப்படித் தெரியும் என்று அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் நாற்பத்தெட்டைத் தட்டி, காரணத்தில் "மற்றவை" என்று போட்டு, நன்றி சொல்லி வைத்துவிடுவாள். மொத்தம் முப்பத்தொரு தடவை.

சேனல் வெளியிடப்போவது முதல் பத்து இடங்கள் மட்டும். புகையையும் தன் ஊரையும் சேர்த்து இன்னொரு தடவை நாடே பார்க்கக் கூடாது, அம்மாவின் ஆர்டர் கெடக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். நேற்று வந்த பட்டியலில் நாற்பத்தேழு பன்னிரண்டாம் இடத்தில் இருந்தது. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டாள். இன்று காலை அண்ணனின் பெட்டியைப் பார்த்த பிறகுதான், தானும் அதே ரோலைத்தான் அச்சடித்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

இன்று மூன்று மணிக்குப் பட்டியல் சேனலுக்குப் போகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் முடிவு செய்துவிட்டாள். திருத்தப்போகிறாள். வேலை போனாலும் சரி.

*

திருத்துவதென்றால் முதலில் அந்த முப்பத்தொரு அழைப்புகளையும் தேடி எடுக்க வேண்டும். எல்லாம் பதிவாகி இருக்கும். ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

பாதிக்கு மேல் அவள் பயந்த மாதிரியே இருந்தது. புகை, தீ, டிவியில் பார்த்தோம். சிலர் "பேரு கேள்விப்பட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றார்கள். எப்போதோ தான் பேசியதைத் தானே கேட்பது கொடுமை. எதிராளி சொல்லி முடிப்பதற்குள் "சரிங்க, நன்றிங்க" என்று அவசர அவசரமாக வெட்டுகிற ஒரு பெண். அவள் மேல் வாயாடிக்கே கோபம் வந்தது.

பத்தொன்பதாவது அழைப்பில் ஒரு தீயணைப்புக்காரர். வடகோடியில் எங்கோ இருக்கிறார். "எவ்வளவு நெருக்கமான இடம்மா அது! ஒருத்தர் சாகல பாருங்க. அந்த ஜனங்களே வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டி எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்களாம். எங்க ஸ்டேஷன்ல இன்னைக்கும் அதைப் பத்திப் பேசுவோம்." அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பதிவில் வாயாடி நன்றி சொல்லிவிட்டாள்.

இருபத்தாறாவது அழைப்பில் ஒரு பெண். பின்னால் குக்கர் சத்தம்.

"எப்படித் தெரியும்னா, என் பொண்ணு ஸ்கூல் பேக்ல எழுதியிருக்குங்க. உள்பக்கம் சின்னதா. மூணு வருஷமா அதையேதான் சுமக்கறா, ஒரு தையல் விடல. போன மழையில அவளே நனைஞ்சா, புக்கு நனையல. அந்த இடம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. பேரு மட்டும் மனப்பாடம்."

"சரிங்க, நன்றிங்க, வச்சிடறேன்."

வாயாடி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மீண்டும் ஒரு தடவை அந்த அழைப்பைக் கேட்டாள். இதை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் சொல்ல முடியாது. அழைப்பில் கேட்ட எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு விதியை மீறியதைச் சரி செய்ய வந்தவள், வந்த வேகத்திலேயே இன்னொன்றை மீறுவதா?

பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வையாளரின் அறைக் கதவைத் தட்டினாள். சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் ஹெட்போனோடு இருப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹெட்போன் மேடம்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எத்தனை கால்?"

"முப்பத்தொண்ணு."

மேடம் டிபன் பாக்ஸை மூடினார். "என்ன ஆச்சு?"

"நாப்பத்தேழு போட வேண்டிய இடத்துல நாப்பத்தெட்டு போட்டிருக்கேன்."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நம்பர். கை தவறியிருக்கும்." மேடம் இதைச் சொன்ன விதத்தில் ஒரு கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாக வெளியே போய்விட்டால் வேலை தப்பிக்கும்.

"முதல் தடவை கை தவறிச்சு மேடம். மீதி முப்பதும் தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏன்?"

"அது எங்க ஏரியா."

மேடம் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்ம்மா. சொந்த ஊரை மேல ஏத்திவிட்டு மாட்டினவங்க நிறையப் பேரு. கீழ தள்ளிவிட்டு வந்து நிக்கறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அதற்குப் பிறகு திட்டினார். நன்றாகவே திட்டினார். அதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். திட்டி முடித்துவிட்டு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் ஒவ்வொரு பதிவையும் முழுசாகக் கேட்டு, சரியான எண்ணையும் சொன்ன காரணத்தையும் பதிந்தாள். வாயாடி கீபோர்டைத் தொடவே கூடாது என்று உத்தரவு. இரண்டே முக்காலுக்கு வேலை முடிந்தது.

நாற்பத்தேழு பன்னிரண்டாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு வந்தது. எட்டில் இருந்த நாற்பத்தெட்டு பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

"ஐடி கார்டை வச்சிட்டுப் போ. திங்கக்கிழமை வா. நீயே வந்து சொன்னேன்னு நான் மேல சொல்லுவேன். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் மேடம்.

"தேங்க்ஸ் மேடம்."

"தேங்க்ஸ் எல்லாம் அப்புறம். ஏழு மணிக்கு வரிசையை டிவியில சொல்ற வரைக்கும் எத்தனாவது இடம்னு வெளிய மூச்சு விடக் கூடாது."

*

வீட்டுக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் கீழே பத்துப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'நாடறிந்த புறநகர்கள், வரிசை இன்று மாலை ஏழு மணிக்கு.' தன் புறநகரின் பெயர் நகர்ந்து போவதை வாயாடி நின்று பார்த்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "அட, நம்ம ஏரியா!" என்று பக்கத்திலிருந்தவரைத் தட்டினார். அவர் முகத்தில் பெருமை இருந்ததா சங்கடம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி ஐந்தேகால். மொத்தக் கடைக்காரர் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மா. அண்ணன் சுவரோரமாக நின்றான். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஜிப் அக்கா ஒரே இடத்தில் மூன்றாவது தடவையாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல" என்றார் கடைக்காரர். "உங்க தையலைப் பாத்துத்தான் தேடி வந்தேன். அந்தப் பக்கத்துப் பேரு வேணாம்னா விடுங்க, அதுல உங்களுக்கு மனசு ஒப்பல, புரியுது. லேபிளே இல்லாம குடுங்க. எந்தப் பேரும் வேணாம். நீங்க பொய் சொன்ன மாதிரியும் இல்ல, என் வியாபாரமும் கெடாது."

அம்மா யோசித்தாள். காலையில் அந்தப் போடு போட்டவள் இப்போது யோசிக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். ஆறு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாராயிருந்தாலும் யோசிப்பார்கள். பெயரை மாற்றுவது பொய். பெயரை எடுத்துவிடுவது பொய்யில்லையே. அம்மாவின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

வாயாடிக்கு அது தெரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் ஆர்டர் கையில். ஏழு மணிக்கு டிவியில் என்ன வந்தாலும் வரட்டும்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "அம்மா, நீ பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். சாரும் கேக்கட்டும்."

சொன்னாள். நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும், முப்பத்தொரு தடவையும், இன்று திருத்தியதும், ஐடி கார்டை வைத்துவிட்டு வந்ததும். "ஏழு மணிக்கு டிவியில வரும். முதல் பத்துல நம்ம ஏரியா இருக்கு. புகையை யாரும் மறக்கலன்னு உங்களுக்கே தெரியும். அதுவும் வரும். சாருக்கு நாளைக்குத் தெரியறதை இன்னைக்கே சொல்லிட்டேன்."

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். கடைக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார். பத்துப் பெயர்களும் அதிலும் ஓடின.

அம்மா மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவன் லேபிளை மாத்தறான். நீ நம்பரை மாத்தற. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"என் வயித்துல பொறந்ததுங்க ரெண்டும் என் விலாசத்தை ஒளிச்சு வைக்குதுங்க. நல்லா வளத்திருக்கேன்." ஆனால் அடுத்த கேள்வி கோபத்தில் வரவில்லை. "எத்தனாவது இடம்?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"புகையைத் தவிர வேற ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்கம்மா."

அம்மா அவள் கண்ணைப் பார்த்தாள். அது அழுது சிவந்திருக்கிறது என்று அம்மாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இருபத்துமூன்று வருடமாகப் பார்க்கிற கண். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கடைக்காரர் எழுந்தார். "பாத்தீங்களாம்மா, நான் சொன்னது சரியாப் போச்சு. இன்னைக்கு ராத்திரி நாடு பூரா மறுபடியும் இந்தப் பேரைத்தான் பேசும். லேபிள் இல்லாமத் தர்றீங்கன்னா இப்பவே பேசி முடிச்சிடலாம். என்ன சொல்றீங்க?"

"லேபிள் உண்டு சார்" என்றாள் அம்மா.

"அதே பேரா?"

"அதே பேரு. ஆனா இனிமே உள்ள தைக்கப்போறதில்ல." அவர் மேசைமேல் வைத்திருந்த மாதிரிப் பையை அம்மா இழுத்துக்கொண்டாள். "இத்தனை நாளா உள்மடிப்புல வச்சுத் தச்சேன் பாருங்க, அதான் நான் பண்ணின தப்பு. ஒளிச்சு வச்சா மோந்துதான் பாப்பாங்க. முன்பக்கம், பாக்கெட்டுக்கு மேல, நல்லாப் பெரிசா வைக்கப்போறேன். பத்தடி தள்ளி நின்னு படிக்கற மாதிரி."

"நான் வாங்கலைன்னா?"

"ஆறு மெஷினையும் ஓட்டறதுக்கு நான் நாலு கதவு அதிகமாத் தட்டணும். தட்டுவேன். தீப்பிடிச்ச அன்னைக்கு நானும் இவங்களும் தட்டாத கதவா?"

அண்ணன்தான் முதலில் அசைந்தான். மேசையிலிருந்து தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, பையைத் திறந்து, உள்மடிப்பு லேபிளின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பெரிய லேபிள் வரும்வரை மாதிரிக்கு இது போதும் என்று, பிரித்ததை ஜிப் அக்காவிடம் நீட்டினான். அவள் பையை மெஷினில் கொடுத்து, நூலின் நிறத்தை மாற்றினாள். கறுப்புப் பையில் வெள்ளை நூல். நாலு பக்கமும் இரட்டைத் தையல்.

தைத்து முடித்த பையை அம்மா கடைக்காரர் முன்னால் நிற்கவைத்தாள். முன்பக்கத்தில் அவர்களுடைய புறநகரின் பெயர் நேராக அவரைப் பார்த்தது. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லேபிளின் மூலையில் நகத்தை விட்டு இழுத்தார். அசையவில்லை. பையை முகர்ந்து பார்க்கவில்லை.

வாசல்வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். அப்புறம் காலை வெளியே எடுத்தார். பையைக் கீழே வைக்காமலே திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டிவி எங்கம்மா இருக்கு?" என்றார். "ஏழு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன்."